பராபரன் எங்கே போனார்?

எங்க பாட்டி முழங்கால் போட்டால் முதல் வார்த்தை "பராபரனே". அவர் தினமும் வாசித்த வேதாகமத்தில் அந்தச் சொல்லைத் தேடினேன். "தேவன்"தான் இருக்கிறது. அப்போ இது எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோண்டினேன்.

சீகன்பால்க் 1714-15ல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் "சருவேசுரன்". கத்தோலிக்கர் ஏற்கெனவே புழங்கிய சொல் அது. பிறகு பெப்ரீசியஸ் "பராபரன்" என்று மாற்றினார். 1871ல் பவர் ஐயர் குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு அதை எடுத்துவிட்டு "தேவன்" என்று போட்டது. இன்னிக்கு சீர்திருத்த சபைகளில் பலர் கையில் இருப்பது இதன் வழிவந்ததுதான்.

இதற்கு முன்பே ரேனியஸ் ஒரு திருத்தம் செய்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். ஜெபித்துப் பழகிய வேத வாக்கியத்தில் கை வைக்கலாமா என்பது அவர் கோபம். முதலில் எனக்கு இது வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது. மென்பொருள்காரன் புத்தி: புது வெர்ஷன் வந்தால் பழசைத் தூக்கிடணும்!

பாட்டி விஷயத்தில் அந்தக் கணக்கு உதைக்குது. ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்து ஐம்பது வருஷம் கழித்துப் பிறந்தவர் அவர். பெப்ரீசியஸ் வேதாகமத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். கீர்த்தனையில் கேட்டதுதான். வாசிக்கும்போது தேவன், அழும்போது பராபரன்.