பொம்மைகளும் பேஸ்மென்ற் கசெற்றுகளும்

2006 ஆம் ஆண்டின் கடைசியில் கியூபெக்கில் ஒரு டிவிடிப் பெட்டி கடைக்கு வந்தது. பழைய ரீவி நிகழ்ச்சி ஒன்று. பெயர் பாஸ்-பார்த்தூ. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்காக, பொம்மைகளையும் நடிகர்களையும் கலந்து 1977 இல் தொடங்கினது. அந்தப் பெட்டியை அள்ளிக்கொண்டு போனவர்கள் பிள்ளைகள் இல்லை. முப்பது முப்பத்தைந்து வயது வந்த, வேலைக்குப் போகிற பெரிய ஆட்கள்.

நான் அப்போது மொன்றியலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கோப்பிக்கு விடும் பதினைந்து நிமிசத்திலும் இதே கதைதான். ஒருத்திக்கு கனெல் என்ற பொம்மைப் பிள்ளையைப் பிடிக்கும், இன்னொருத்தருக்கு அவளின் சகோதரன் ப்ரூனோவைப் பிடிக்கும். ஐம்பதைத் தாண்டினவர்கள் இரண்டு பேரையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "பொபினெட்டுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொம்மையோ?" என்பார்கள். அப்படியெண்டால் பொபினெட்டின் பெட்டி எங்கே என்று நான் ஒருநாள் கேட்டேன். வயதான ஒருவர் தோளைக் குலுக்கிவிட்டு, "எல்லாத்தையும் ஆர் வைச்சிருந்தது?" என்றார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடினதில்தான் இந்தப் பதிவு.

மொன்றியலில் ரேடியோ-கனடாவின் ரீவி 1952 செப்டெம்பர் 6 ஆம் தேதி தொடங்கியது. அதன் ஆரம்ப நாட்களிலேயே வந்தது 'பெப்பினோவும் கப்புசீனும்' என்ற பொம்மை நாடகம். எழுதியது றெஜினால்ட் புவாவேர். பொம்மைகளைச் செய்தவர் எத்மொந்தோ கியோதினி. பான்-பான் என்று ஒரு வில்லனும் உண்டு. அந்தக் காலத்தில் வீடியோ நாடா கிடையாது. நிகழ்ச்சி நேரடியாகப் போகும், முடிந்ததும் காற்றோடு போய்விடும். அப்படியென்றால் அதில் கொஞ்சமாவது எப்படி மிஞ்சியது? வேறு ஊர் நிலையங்களுக்கு அனுப்புவதற்காக ரீவித் திரையையே ஒரு பிலிம் கமராவால் படம் பிடித்து, அந்தச் சுருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று அதற்குப் பெயர். சேமிக்க வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கும் காட்ட வேண்டியிருந்தது, அதனால் ஒரு பிரதி தங்கியது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1957 இல் பொபினோ வந்தது. வட்டத் தொப்பி போட்ட பொபினோவாக நடித்தவர் கீ சான்ஷ். அவருடைய குறும்புக்காரத் தங்கச்சி பொபினெட் ஒரு கைப்பொம்மை. முதலில் போல் பயார், 1973 இலிருந்து கிறிஸ்தீன் லமேர் அவளுக்குக் குரலும் கையும் கொடுத்தார்கள். மிசேல் கையூ என்பவர் வருடக்கணக்காகக் கதை எழுதினார். மாவு வெடி வைத்து அண்ணனைப் பயப்படுத்துவதுதான் அவளுடைய வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்குப் போகும். 1985 வரை, இருபத்தெட்டு வருடம் ஓடியது. மூன்று தலைமுறைக்கு அந்தத் தொப்பி தெரியும்.

ஆனால் ஆயிரக்கணக்கான நாட்கள் போன அந்த நிகழ்ச்சியில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். 1956 இல் வீடியோ நாடா சந்தைக்கு வந்தபோது அது இரண்டு அங்குல அகலத்தில், பெரிய சுருளாக, கொள்ளை விலைக்கு வந்தது. அதனால் உலகத்தில் பெரும்பாலான ரீவி நிலையங்கள் ஒரே நாடாவில் அழித்து அழித்துப் பதிந்தன. பிபிசியும் அதைத்தான் செய்தது. நாளைக்குப் புதிய பொபினோ வருவான், நேற்றையவன் எதற்கு? அந்த நாளின் கணக்குப்படி அதில் பிழையும் இல்லை. பிரித்தானியாவில் 1965 இல் தொடங்கிய தண்டர்பேர்ட்ஸ் பொம்மைத் தொடரைப் பாருங்கள். அதை நாடாவில் எடுக்காமல் சினிமாப் பிலிமில் எடுத்தார்கள். 32 பகுதியும் முழுசாக இருக்கின்றன. பிலிமில் இருந்ததால், புதிய தட்டு வடிவம் வரும்போதெல்லாம் முந்தினதைவிடத் தெளிவாகத் திரும்பி வருகிறது.

பாஸ்-பார்த்தூவின் கதை வேறு. கியூபெக் கல்வி அமைச்சு காசு போட்டுச் செய்வித்தது. வசதி குறைந்த வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது பின்தங்கக் கூடாது என்பது நோக்கம். முதலில் 125 அரைமணிநேரப் பகுதிகள். மரி ஐக்கெல், கிளேர் பிம்பாரே, ஜாக் லேறோ என்று மூன்று நடிகர்கள், அவர்களோடு பொம்மைக் குடும்பம். ஒரு தொகுதிப் பிள்ளைகள் வளர்ந்து போனால் அடுத்த தொகுதி வந்திருக்கும், அதே பாடம் திரும்பப் போகும். ஆகவே நாடாவை அழிக்க முடியாது. 2006 இல் பெட்டியில் வந்தது அப்படித்தான். 2019 இல் டெலே-கியூபெக் புதிய நடிகர்களோடு அதைத் திரும்பவும் தொடங்கியது.

பாஸ்-பார்த்தூ என்றால் எல்லாக் கதவையும் திறக்கிற சாவி. எங்கட ஆட்கள் காதில் அது 'பாஸ் பார்த்து' என்று விழுந்தது. நாங்கள் பாஸ் பார்த்து உள்ளே விடப்பட்ட சனம்தானே, பெயர் பொருத்தம் என்று பகிடி விடுவோம். ஆனால் இன்னொரு பொருத்தமும் உண்டு. வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போக வேண்டும் என்ற 101 ஆம் சட்டம் 1977 ஓகஸ்ட் 26 இல் வந்தது. பாஸ்-பார்த்தூ அதே வருடம் நவம்பரில் வந்தது. எண்பதுகளில் வந்து கோத்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் குடியிருந்த தமிழ்ப் பெடியளுக்குச் சட்டம் ஒரு பக்கம் பிரெஞ்சைத் திணிக்க, பொம்மை மறுபக்கம் இருந்து ஊட்டிவிட்டது. என் மூத்தவனுக்கு நிறங்களின் பெயரும், வாரத்தில் எத்தனை நாள் என்பதும் ரீவியில்தான் வந்தது. பக்கத்தில் இருந்து மனிசியும் அதைப் படித்தாள். பின்னேரம் மொழி வகுப்புக்குப் போக நேரமில்லாத தாய்மாருக்கு அதுதான் வகுப்பு.

அந்நியமாக வந்தவர்களுக்கும் இந்தப் பொம்மை உலகத்துக்கும் ஏற்கனவே ஒரு தொடர்பு இருந்தது. ஃபான்ஃப்றெலூஷ் என்று உயிருள்ள பொம்மையாக நடித்து, கதைப்புத்தகத்துக்குள்ளே புகுந்து கதையை மாற்றிவிடுகிற கிம் யாரோஷெவ்ஸ்காயா, மொஸ்கோவில் பிறந்து, பெற்றோரை இழந்து, பத்து வயதளவில் மொன்றியலுக்கு வந்தவர். அந்த உச்சரிப்போடேயே கியூபெக் பிள்ளைகள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 2025 தொடக்கத்தில், 101 வயதில் காலமானார்.

இனி எங்கட பக்கம். எங்களிடம் பாவைக்கு ஒன்றும் குறைவில்லை. நூலில் ஆடும் மரப்பாவையை வள்ளுவரே உவமைக்கு எடுத்திருக்கிறார். ஆனால் எங்கட பிள்ளைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி ஒன்றைப் பெட்டியில் போட்டு யாராவது விற்றதை நான் காணவில்லை. எங்களிடம் இருப்பது கலியாண வீடு, சாமத்திய வீட்டுக் கசெற்றுகள். அவை ஏன் மிஞ்சின? ஊரிலிருந்தும் இங்கேயிருந்தும் லண்டனுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று, ரொறொன்ரோவுக்கு ஒன்று என்று கொப்பி போட்டு அனுப்பினோம். ஊர்க் கசெற் பால் முறை, கனடாவில் என்ரிஎஸ்சி, பிரான்சில் செக்காம். மாற்றித் தருவதற்கென்றே வீடியோக் கடைகள் காசு வாங்கின. தூரத்தில் இருந்த உறவு பார்க்க வேண்டும் என்பதற்காக எடுத்த பிரதி. பெப்பினோவைக் காப்பாற்றியதும் அதேதான்.

காப்பாற்றப்படாமல் கிடப்பது வேறொன்று. தொண்ணூறுகளில் மொன்றியலில் தமிழ் வகுப்புக் கலைவிழாக்கள் நடக்கும். தேவாலய மண்டபத்தையோ பள்ளிக்கூட மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்து, காலுறையில் பொத்தான் தைத்து முயலும் சிங்கமும் செய்து, மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள். யாரோ ஒருவர் தோளில் கமரா வைத்து எடுத்திருப்பார். அதற்குக் கொப்பி போடவில்லை, ஊருக்கு அனுப்பவில்லை. ஒரே ஒரு கசெற், ஒருவருடைய பேஸ்மென்ற்றில். வெள்ளம் வந்தாலோ வீடு மாறினாலோ அது முடிந்தது.

பிடித்ததெல்லாம் மிஞ்சுவதில்லை. யாருக்கோ ஒரு தேவை இருந்து வைத்ததுதான் மிஞ்சுகிறது. மொன்றியல் இருபத்தெட்டு வருடம் பொபினெட்டை நேசித்தது, அது மட்டும் போதவில்லை. ரீவி நிலையமும் அமைச்சும் இருந்த சனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டும் இல்லாத எங்களுக்கு ஆர் வைத்துத் தரப் போகிறார்கள்?

விஎச்எஸ் ஓடவிடும் டெக்கைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்தியது. இப்போது ஓடுகிறவை பழுதானால் திருத்த ஆள் தேட வேண்டும். நாடாவும் வருடா வருடம் காந்தம் இழக்கிறது. ஆகவே இந்தக் கிழமை உங்கட பேஸ்மென்ற்றில் ஒருக்கால் பாருங்கோ. மேலே 'கலைவிழா 94' என்று பேனையால் எழுதின கசெற் ஒன்று இருந்தால், கலியாண வீட்டுக் கசெற்றுக்கு முதல் அதைக் கொண்டுபோய்க் கணினிக்கு மாற்றுங்கோ. மேசைக்குப் பின்னால் இருந்தது யார் யார் என்று தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கோ. பிறகு கொப்பி போட்டு, தூர இருக்கிற நாலு பேருக்கு அனுப்புங்கோ. இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.