எச்.ஐ.வி. சுய பரிசோதனை: கிட் விலை ரூ.100-க்குள்.. ஊர் முழுக்கக் கொடுக்க எவ்வளவு ஆகும்?

வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல், 20 நிமிடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். சின்னக் குச்சி ஒன்றால் ஈறுகளை ஒருமுறை துடைத்து, கூடவே வரும் குப்பியில் வைத்தால் போதும். ஒரு கோடு என்றால் தொற்று தென்படவில்லை. இரண்டு கோடு என்றால் மருத்துவமனையில் உறுதி செய்ய வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கிட்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை 2016 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2017-ல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்காகப் பேசி முடித்த விலை ஒரு கிட்டுக்கு 2 டாலர். 2022-ல் அது ஒன்றரை டாலர். 2023-ல் 1 டாலருக்கே கிடைக்க ஆரம்பித்தது. நம்ம ஊர்க் காசுக்கு 100 ரூபாய்க்கும் கீழே.

அப்போ ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொடுத்துட வேண்டியதுதானே? இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் கிட் விலையில் இல்லை.

சுமைகூலி முக்கால் பணம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். சுய பரிசோதனைத் திட்டத்துக்கு அப்படியே பொருந்தும் பழமொழி இது.

ஆப்பிரிக்காவில் மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் கிட் கொடுத்தார்கள். அதற்கு ஆன மொத்தச் செலவை ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு கிட்டை ஒருவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க மலாவியில் சராசரியாக 8.15 டாலர், ஜிம்பாப்வேயில் 13.84 டாலர், ஜாம்பியாவில் 16.42 டாலர். ரூபாயில் பார்த்தால் ஏறக்குறைய 500-லிருந்து 1,000-க்கும் மேல். ஒரே மாதிரி வேலைதான், ஆனால் மலாவியைவிட ஜாம்பியாவில் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

கிட்டுக்கு மேல் ஆகும் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி மனிதர்களுக்கும் அவர்கள் போய்வருவதற்கும். களப்பணியாளர் சம்பளம், அவர்களுக்குப் பயிற்சி, மேற்பார்வையாளர், வண்டி, பெட்ரோல், கிடங்கு, அச்சடித்த விளக்கத் தாள், சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பர், அதை எடுத்துப் பேச ஒரு ஆள்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மனக்கணக்கு

சேலம் மாநகரை ஒட்டி, ஏற்காடு மலையடிவாரப் பக்கம் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. இங்கே அப்படி ஒரு திட்டம் நடப்பதாகச் சொல்லவில்லை. கணக்கு புரிவதற்காக இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 10,000 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஆளுக்கொரு கிட். மொத்தச் செலவு ஒரு கிட்டுக்கு 500 ரூபாய் என்று குறைத்தே போடுவோம். ஆக 50 லட்சம் ரூபாய்.

இனி, எத்தனை பேரைக் கண்டுபிடிப்போம்? இந்தியாவில் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.20 சதவீதம். அந்த சராசரியை இங்கே வைத்தால் 10,000 பேரில் 20 பேர். ஆனால் 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை ஏற்கெனவே தெரியும். அவர்களைக் கழித்துவிட்டால் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வெறும் 4 பேர்.

50 லட்சத்தை 4-ஆல் வகுத்தால் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க 12.5 லட்சம் ரூபாய். சரி, கிட்டை யாரோ இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள் என்று வைப்போம். ஒரு கிட் 90 ரூபாய் என்றால் 9 லட்சம் மிச்சம். அப்போதும் ஒரு ஆளுக்கு 10 லட்சத்துக்கு மேல்தான் வருகிறது. கிட் விலை குறைந்ததைப் பெரிய செய்தியாக எல்லாரும் கொண்டாடினாலும், பட்ஜெட் போடுகிறவருக்கு அது பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான்.

வகுத்தலில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லாது. நோய் இல்லாதவரை 'இல்லை' என்று 99.5 சதவீதம் சரியாகச் சொல்லும் நல்ல கிட் என்றே வைப்போம். 10,000 பேரில் அரை சதவீதம் என்றால் சுமார் 50 பேர். அதாவது இரண்டு கோடு விழும் 54 பேரில் 50 பேருக்கு எச்.ஐ.வி.யே இல்லை! அந்த 50 பேருக்கும் உடனே பேச ஒரு ஆலோசகர் வேண்டும், உறுதிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். நடு ராத்திரி தனியாக உட்கார்ந்து அந்த இரண்டாவது கோட்டைப் பார்க்கும் ஒருவருக்கு மறுநாள் காலை வரை பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை எந்தச் செலவு அட்டவணையும் காட்டாது. அதற்கான ஆளைத் திட்டத்தின் முதல் நாளிலேயே நியமித்திருக்க வேண்டும்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு

இப்போ கணக்கைத் திருப்பிப் போடுவோம். ஊர் முழுக்க வேண்டாம். வாய்ப்பு அதிகமுள்ள, இதுவரை பரிசோதனைக்கே வராத 1,000 பேரை மட்டும் தேடிப் போகிறோம். அவர்களில் 2 சதவீதம் பேருக்குத் தெரியாமலே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமம், அதனால் கிட்டுக்கு 800 ரூபாய் ஆகட்டும். மொத்தம் 8 லட்சம். கண்டுபிடிப்பது 20 பேரை. ஒரு ஆளுக்கு 40,000 ரூபாய். தவறாக இரண்டு கோடு விழுவது 5 பேருக்குத்தான்.

ஒரு கிட்டைக் கொடுக்க ஆகும் செலவு கூடியிருக்கிறது, ஒரு ஆளைக் கண்டுபிடிக்கும் செலவு முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. 'இத்தனை ஆயிரம் கிட் கொடுத்தோம்' என்று மட்டும் சொல்லும் அறிக்கையைப் பார்த்து ஒரு திட்டத்தை எடைபோடவே முடியாது. பீரோவுக்குள் தூங்கும் கிட்டும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

சேலம்-நாமக்கல் பகுதியில் இந்த 1,000 பேர் யார்? சங்ககிரி, நாமக்கல் என்றாலே லாரி. திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு நாலு நாள் வீட்டுக்கு வருகிற ஆண்களின் ஊர்கள் இவை. 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகம் பதிவான மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. பிறகு வந்த விழிப்புணர்வும் இலவச கூட்டு மருந்துச் சிகிச்சையும் நிலைமையை மாற்றின. இன்று கர்ப்பிணிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது. விடுபட்டுப் போகிறவர்களில் அவர்களின் கணவர்கள் அதிகம். அரசு நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்தான். ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் எங்கோ நெடுஞ்சாலையில் இருப்பார்கள். ஊரில் இருந்தாலும், தெரிந்த முகம் பார்த்துவிடும் என்ற பயம் வேறு.

இதற்குக் கென்யாவில் ஒரு வழி பார்த்தார்கள். கிசுமு நகரில் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம் கணவருக்கும் சேர்த்துக் கிட் கொடுத்து அனுப்பினார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், கிட் வாங்கிப்போன பெண்களின் துணைவர்களில் சுமார் 91 சதவீதம் பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். வெறும் அழைப்புக் கடிதம் மட்டும் கொடுத்தபோது 52 சதவீதம்தான். தனியாகக் களப்பணியாளர் தேவையில்லை என்பதால் செலவும் குறைவு. ஆனால் கிட்டை நீட்டியதும் 'என்னைச் சந்தேகப்படுறியா?' என்று கை ஓங்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பெண்ணிடம் முதலில் பேசிப் பார்த்து, அவர் விரும்பினால் மட்டுமே கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கும் நேரம் வேண்டும், ஆள் வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்துவிட்டால்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை தருகிறார்கள். அதே பையில் எச்.ஐ.வி. கிட்டையும் வைத்துவிட்டால் போக்குவரத்துச் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். காகிதத்தில் மிச்சம்தான். ஆனால் வருகிறவர் பக்கத்துத் தெரு அக்கா. சர்க்கரை அளவை அவரிடம் சொல்லலாம், இதைச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு வீட்டு விஷயம் வெளியே கசிந்தாலும் அந்த ஊரில் அதன்பிறகு யாரும் கிட்டைத் தொட மாட்டார்கள். மலிவான வழி என்று எடுத்தது அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் ஏன் செலவு கூடுகிறது?

முன்னோட்டத் திட்டத்தின் செலவை எடுத்து, பத்து மடங்கு ஊர்களுக்குப் பத்தால் பெருக்கினால் தப்பாகத்தான் வரும். பயிற்சி, மென்பொருள், போன் சேவை போன்றவற்றுக்கு 5 லட்சம் ஆகிறது என்று வைப்போம். 1,000 கிட் கொடுத்தால் கிட்டுக்கு 500 ரூபாய். 5,000 கொடுத்தால் 100 ரூபாய்தான். இந்த வகையில் பெரிதாகப் பெரிதாக லாபம். ஆனால் சீக்கிரம் கிடைக்கிறவர்கள் முதல் வருடமே கிடைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் மிச்சமிருப்பவர்கள் மலைக் கிராமத்தில் இருப்பார்கள், இரவு ஷிப்டில் இருப்பார்கள், கதவைத் திறக்கவே மாட்டார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் செலவு மறுபடி ஏறும்.

தொற்று வாய்ப்பு அதிகமுள்ள குழுக்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் நடைமுறை. அப்படியென்றால் ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு கிட். நம்பிக்கை மையத்துக்கு எப்படியும் போயிருக்கக்கூடியவர் வீட்டிலேயே செய்துகொண்டால் அது புதுப் பரிசோதனை இல்லை, இடம் மாறிய பரிசோதனைதான். அதையும் கழிக்க வேண்டும். சேலம் வெயிலும் கணக்கில் உண்டு. சில வகை கிட்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை மாதத்தில் தகர ஷெட் கிடங்கு அதற்கு ஆகாது.

புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க மருந்தும் வேண்டும். இந்தியாவில் 2004-லிருந்து இது இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு (2021-26) ஒதுக்கிய 15,471.94 கோடி ரூபாய்க்குள்தான் பரிசோதனை, மருந்து, விழிப்புணர்வு எல்லாமே. மருந்து ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் வைரஸ் அளவு தென்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. ஒருவரை முன்கூட்டியே கண்டறிவது அடுத்த தொற்றையும், அதற்கான ஆயுள்கால மருந்துச் செலவையும் தடுக்கும். ஒரு வருட பட்ஜெட்டில் இது தெரியாது, பத்து வருடக் கணக்கில் தெரியும்.

இந்தியாவில் சுய பரிசோதனையின் பெரிய முன்னோட்டம் 2021-22 காலகட்டத்தில் 14 மாநிலங்களில் 50 மாவட்டங்களில் நடந்தது. நாட்டில் தங்கள் நிலை தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் சுமார் 4.8 லட்சம் பேர்.

கிட் பயன்படுத்துபவர்கள் கவனிக்க

இரண்டு கோடு விழுந்தால் அது முடிவல்ல. நம்பிக்கை மையத்தில் மூன்று வேறு வேறு பரிசோதனைகள் செய்த பிறகே எச்.ஐ.வி. என்று உறுதி செய்வார்கள். ஒரு கோடுதான் என்றாலும், கடந்த 3 மாதத்துக்குள் தொற்று வாய்ப்பு இருந்திருந்தால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே கூட்டு மருந்து எடுப்பவர்கள் இந்த கிட்டைப் பயன்படுத்தக் கூடாது, தவறாக 'இல்லை' என்று காட்டலாம். சம்மதம் இல்லாமல் ஒருவரைப் பரிசோதிப்பதும், அவர் நிலையை வெளியே சொல்வதும் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.