பொதுநோய் மீள்பார்வை

பொதுநோய் மீள்பார்வை என்பது, மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான தகுதித் தேர்வுக்கு முன், அன்றாடம் எதிர்ப்படும் நோய்நிலைகளை மாணவர் திரும்பப் படித்து நினைவிலும் கையிலும் படியவைத்துக்கொள்ளும் வேலை. முதல் வாசிப்பு வேறு, இது வேறு. முதல் வாசிப்பில் காரணம், உறுப்பில் நேரும் மாற்றம், குறிகள், சோதனைகள், சிகிச்சை என்று பாடநூல் வகுத்த ஒழுங்கில் நோய்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாகின்றன. மீள்பார்வையிலோ, படித்ததை ஒரு நோயாளியின் முன் நின்று உரிய நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தப் பழக வேண்டும். அந்த நோயாளி நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று ஓர் உபாதையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஆகவே மீள்பார்வைப் பட்டியலையும் உபாதைகளின் வரிசையில்தான் அமைக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் நோய்ப்பெயர்களின் வரிசையிலேயே திருப்பிப் படிக்கிறார்கள். இந்தப் பழக்கம் எப்படி ஊன்றியது என்பதைத் தேர்வின் வரலாறு காட்டுகிறது.

படுக்கையருகே மருத்துவம் கற்பிக்கும் முறையை ஐரோப்பாவில் தொடங்கிவைத்தவராக 16ஆம் நூற்றாண்டில் படுவா நகரில் கற்பித்த ஜாம்பத்திஸ்தா தா மோந்தே குறிப்பிடப்படுகிறார். அதை நிலைநிறுத்தியது நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம். அங்கே 1636இல் ஓட்டோ ஹூர்னியஸ் தொடங்கியதை 1714 முதல் ஹெர்மன் போர்ஹாவ உலகப் புகழ் பெறச் செய்தார். அவர் பாடம் நடத்திய புனித செசிலியா மருத்துவமனையில் கற்பித்தலுக்கென்று இருந்தவை 12 படுக்கைகள்; ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6. இந்தச் சிறிய எண்ணிக்கையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நகரத்தின் நோய்கள் எண்ணற்றவை. மாணவர் கண்ணில் பட்டவையோ, படுக்கையில் நாள்கணக்கில் இருக்கக்கூடியவை, காட்டுவதற்குத் தெளிவான குறி உடையவை. லைடனில் பயின்றவர்கள் 1726இல் எடின்பரோவில் மருத்துவப் பள்ளி கண்டார்கள். போர்ஹாவவின் இன்னொரு மாணவர் ஜெரார்டு வான் ஸ்வீட்டன் இதே முறையை வியன்னாவுக்குக் கொண்டுபோனார். தட்டிப் பார்த்து நோயறியும் முறையை வியன்னாவின் ஔவன்புருக்கர் 1761இல் வெளியிட்டதும், பாரிஸில் லென்னெக் 1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கியதும், உடலில் நிலைத்து நிற்கும் குறிகளுக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தன. நோயாளி வாயால் சொல்வதைவிட மருத்துவர் காதால் கேட்பது உயர்ந்தது என்ற எண்ணம் அக்காலத்தில்தான் வலுத்தது.

கற்பித்தல் எப்படியோ, தேர்வும் அப்படியே அமைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பேஜட்டின் முயற்சியால் 1842இல் படுக்கையருகே தேர்வு வைக்கும் முறை வந்தது. 1858ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டனில் பொது மருத்துவ மன்றத்தையும் மருத்துவர் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. ஆனால் பதிவு பெற மருத்துவம், அறுவை, பேறுகால மருத்துவம் ஆகிய மூன்றிலும் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. வீடுதோறும் நடக்கும் பிரசவம், ஒரு மருத்துவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசியாகத்தான் இடம்பெற்றது. பிரசவம் வார்டில் நடக்காமல் வீட்டில் நடந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எது அதிகம் நேர்கிறது என்பதைவிட எதைத் தேர்வுக்கூடத்தில் காட்ட முடியும் என்பதே பாடத்தின் எல்லையை வகுத்திருக்கிறது.

சென்னையில் 1835இல் பொது மருத்துவமனையை ஒட்டித் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியானது. 1844இல் பிரசவ மருத்துவமனையும் ஏற்பட்டது; எழும்பூர் மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் படும் பாட்டைக் கண்டு மருத்துவம் படிக்க முன்வந்த மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்படியிருந்தும், 1930இல் இந்தியப் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை பிரிட்டனின் மருத்துவ மன்றம் விலக்கிக்கொண்டபோது சொன்ன காரணம், பேறுகாலப் பயிற்சி போதாது என்பது. அதன் பின்னணியில் அரசியல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் குறை உண்மையானது. 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் அதைத் தொடர்ந்து வந்ததே. இந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறொரு வழியில் நடந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய முயற்சியில் ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ போன்ற நூல்கள் தமிழில் வெளிவந்தன. நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவரும் சிந்திக்க வேண்டும் என்ற அந்தத் தெளிவைப் பின்வந்த நூற்றாண்டு போற்றிக் காக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்த வரலாற்றின் விளைவே ‘லாங் கேஸ்’, ‘ஷார்ட் கேஸ்’ என்று மாணவர்கள் சொல்லும் தேர்வுமுறை. லாங் கேஸில் ஒரே நோயாளியிடம் நீண்ட நேரம் விசாரித்து, உடலைப் பரிசோதித்துத் தேர்வாளர்முன் சொல்ல வேண்டும். ஷார்ட் கேஸில் ஓர் உறுப்பை மட்டும் சில நிமிடங்களில் பார்த்துக் குறியைச் சொல்ல வேண்டும். குறித்த நாளில் வந்து, பல மாணவர்களின் கைகளைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக்கூடியவரே தேர்வு நோயாளியாக முடியும். இதய வால்வு சுருங்கியவர், மண்ணீரல் பெருத்தவர், பக்கவாதம் வந்து தேறியவர், குடலிறக்கம் உள்ளவர், கழுத்துக்கழலை உள்ளவர் ஆகியோர் ஆண்டுதோறும் வருகிறார்கள். மாரடைப்பின் முதல் ஒரு மணி நேரத்தில் இருப்பவரையோ, பூச்சிமருந்து குடித்தவரையோ, வலிப்பு நிற்காத குழந்தையையோ தேர்வுக்கூடத்தில் வைக்க முடியாது. ஆகவே ‘தேர்வுக்கு வரும் கேஸ்’ என்ற பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர், ஹவுஸ் சர்ஜனாக முதல் இரவுப்பணியில் சந்திக்கப்போகும் நிலைகளை ஓரத்தில் தள்ளிவிடுகிறார்.

ஒரு நோயாளியை வைத்து ஒருவரின் திறனை அளப்பதும் நம்பத்தக்கதாக இல்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம் 1960களில் படுக்கையருகுத் தேர்வைக் கைவிட்டது. ஒரே மாணவருக்கு இரு தேர்வாளர்கள் தந்த மதிப்பெண்கள் ஒத்துப்போகவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். ஆர்தர் எல்ஸ்டீனும் கூட்டாளிகளும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. ஒரு சிக்கலைத் திறம்பட அவிழ்த்த மருத்துவர் அடுத்ததிலும் அப்படியே செய்வார் என்று எதிர்பார்க்க முடியவில்லை. திறன் அந்தந்தச் சிக்கலைப் பற்றிய அறிவோடு கட்டுண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் 1975இலேயே அறிமுகப்படுத்திய முறை இக்குறைக்குத் தேர்வுமுறையிலேயே மாற்று வைத்தது. மாணவர் மணி அடிக்க அடிக்க நிலையம் நிலையமாக நகர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணியைச் செய்து காட்டுவார். பல சிக்கல்கள், பல தேர்வாளர்கள், ஒரே மதிப்பீட்டுத்தாள் என்பதே அதன் பலம்.

பாடத்தையே உபாதையின் வரிசையில் திருப்பி அடுக்கியவர்கள் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தார். ஹென்றி மேண்டினும் சக ஆசிரியர்களும் 1990களில் கணக்கிட்டபோது, நோய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நோயாளி மருத்துவரிடம் வந்து நிற்கும் வகைகள் ஏறத்தாழ 120தான் என்று கண்டார்கள். மீள்பார்வைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டியதில்லை. நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: பாம்புக்கடியை நோய்ப்பெயராகப் படித்தவர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும், கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையையும் பிழையின்றி எழுதுவார். ஆனால் இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். பாம்பைப் பார்க்கவில்லை, கடித்ததும் தெரியவில்லை, பல் பதிந்த தடமும் இல்லை. கட்டுவிரியன் கடி இப்படி வருவதுண்டு. இமை தொங்கத் தொடங்கும்வரை அவரை இரைப்பைப் புண் என்று படுக்க வைத்துவிட்டால் மூச்சு நின்றுபோகலாம். ‘வயிற்றுவலி’ என்ற தலைப்பின்கீழ் குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியவற்றோடு கட்டுவிரியன் கடி, சர்க்கரை நோயின் கீட்டோன் நச்சுநிலை, இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு, கருக்குழாய்க் கர்ப்பம் ஆகியவற்றையும் ஒருசேரப் படித்தவருக்கே அந்த இமையைப் பார்க்கத் தோன்றும். ஐந்து நாள் காய்ச்சலும் இப்படித்தான். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளைதான் ஆபத்தான வேளை என்பதும், உண்ணிக் காய்ச்சலின் கருந்தழும்பை அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் மார்பகத்தின் அடியிலும் தேட வேண்டும் என்பதும், எலிக் காய்ச்சலில் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் துப்புத் தரும் என்பதும் தனித்தனி அத்தியாயங்களில் கிடக்கும்வரை ஒன்றையொன்று வேறுபடுத்த உதவுவதில்லை.

உபாதையின் வரிசை என்றால் அது நோயாளியின் சொல்லில் தொடங்க வேண்டும். இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் தமிழ் பேசும் நோயாளிகளைப் பார்ப்பவருக்கு இது தலையாயது. ‘மயக்கமா வருது’ என்பதில் தலைசுற்றல், கண் இருட்டல், நினைவிழப்பு, வெறும் அசதி எல்லாமே அடங்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்குழுவுக்கு வழி காட்டும். ‘வாயு’ என்று நெஞ்சைத் தடவுபவருக்கு மாரடைப்பு இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ‘சத்தி’ என்றால் வாந்தி, ‘முட்டு’ என்றால் இழுப்பு. இச்சொற்களைத் தலைப்பாக எழுதி, அவற்றைப் பிரிக்கக் கேட்க வேண்டிய கேள்விகளை அடியில் எழுதிவைத்துப் படிப்பது, ஆங்கிலப் பாடநூலால் ஒருபோதும் செய்ய முடியாத வேலை.

நோயைப் பற்றிய அறிவு இல்லாமல் உபாதையைப் பிரிக்க முடியாதே என்று கேட்கலாம். முடியாதுதான். அதனால்தான் இது மீள்பார்வைக்கு உரிய ஒழுங்கு, முதல் வாசிப்புக்கு உரியதன்று. தேர்வாளர் நோயைப் பற்றித்தானே கேட்கிறார் என்பது இன்னொரு தடை. லாங் கேஸிலும் முதலில் சொல்ல வேண்டியது நோயாளியின் உபாதையும் அது எத்தனை நாளாக இருக்கிறது என்பதும்தான். வேறெந்த நோய்களாக இருக்கலாம் என்ற கேள்வியும் தவறாமல் வரும். வெளிநாட்டில் படித்து இந்தியா திரும்புவோர் 2002 முதல் எழுதிவரும் தகுதித் தேர்வில் 300 வினாக்கள், 150 பெற்றால் தேர்ச்சி, படுக்கையருகே தேர்வு கிடையாது. அதிலும் எத்தனையோ வினாக்கள் வயதையும் உபாதையையும் சொல்லித்தான் தொடங்குகின்றன. பழைய வினாக்களை மட்டும் புரட்டுவோர் விடையை நினைவில் வைத்திருப்பார்கள். வயதை மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்கள். பொதுவானவற்றை மட்டும் படித்தால் அரிய நோய் தப்பிவிடும் என்ற அச்சம் மட்டும் மதிக்கத்தக்கது. ஆனால் ஒவ்வோர் உபாதையின் கீழும் அடிக்கடி வருவது, தவறவிட்டால் உயிர்போவது என்று இரண்டையும் எழுதுபவருக்கே அரிய நோய் உரிய இடத்தில் நினைவுக்கு வரும்.

படிக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடும், படித்தபின் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் 56 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். மறுவாசிப்பு தரும் தெம்பு மாணவரை ஏமாற்றுவது இங்கேதான். இசிஜி வாசிப்பைப் பற்றி 2003இல் வெளிவந்த கனடிய ஆய்வில், ஒவ்வொரு நோயின் படங்களையும் தனித்தனித் தொகுதியாகப் பயின்றவர்களைவிட, எல்லாவற்றையும் கலந்து பயின்றவர்கள் புதிய படங்களைக் கூடுதலாகச் சரியாகக் கண்டறிந்தார்கள். உபாதையின் வரிசையில் படிப்பவருக்கு இந்தக் கலப்பு தானாகவே அமைகிறது. நண்பர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து உபாதையை மட்டும் சொல்ல, மற்றவர் புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேட்டுப் போவது இரண்டு ஆய்வுகளின் பயனையும் ஒருங்கே தரும்.

தகுதித் தேர்வுகளின் இன்றைய வடிவிலும் இத்தகைய பயிற்சிக்குப் பயன் உண்டு. பிரிட்டனில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பிளாப் தேர்வு 180 வினாக்களோடு ஒரு பகுதியும், மான்செஸ்டரில் நிலையம் நிலையமாக நடக்கும் மறுபகுதியும் கொண்டது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அனைவருக்கும் பொதுவான ‘நெக்ஸ்ட்’ தேர்வை விதித்தது. அது 2023இல் ஒத்திவைக்கப்பட்டது. அதன் இரண்டாம் படி, பயிற்சி மருத்துவர் காலம் முடிந்தபின் 7 துறைகளில் செய்முறைத் தேர்வாக நடக்கும் என்பது அப்போதைய திட்டம்.