வில்சன் ஃபார்முலாவும் ஹாரிஸ் என்ற மனிதரும்

பி.காம். மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியலில் கட்டாயம் வரும் கணக்கு, சிக்கனக் கொள்முதல் அளவு. இ.ஓ.க்யூ. என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். சில புத்தகங்களில் இதற்கு 'வில்சன் ஃபார்முலா' என்று பெயர். ஆனால் இதை முதலில் எழுதியவர் வில்சன் இல்லை!

1913 பிப்ரவரியில் 'ஃபேக்டரி' என்ற அமெரிக்க இதழில், ஒரே தடவையில் எத்தனை பாகங்கள் செய்வது லாபம் என்று ஆராயும் சிறு கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். பள்ளிப் படிப்போடு சரி, கல்லூரியில் படித்தவர் இல்லை. குறைவாகச் செய்தால் இயந்திரத்தை அடிக்கடி தயார் செய்யும் செலவு ஏறும். நிறையச் செய்து அடுக்கினால் முடங்கிய பணத்துக்கு வட்டி ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு குறைவு என்று அவர் காட்டினார்.

இதைக் குழித்துறையில் உள்ள ஒரு கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். வருடத்துக்கு 3600 சோப்பு விற்கிறது. ஒரு தடவை ஆர்டர் போட்டு சரக்கு இறக்க 50 ரூபாய். ஒரு சோப்பை வருடம் முழுக்க வைத்திருக்க 1 ரூபாய். 3600-ஐ இரண்டாலும் ஐம்பதாலும் பெருக்கி, ஒன்றால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 600. வருடத்துக்கு ஆறு ஆர்டர், செலவு 300 ரூபாய். சராசரி இருப்பு 300 சோப்பு, அதற்கும் 300 ரூபாய். ஆக மொத்தம் 600. கடைக்காரர் 1200 வாங்கினாலும் சரி, 300 வாங்கினாலும் சரி, செலவு 750 தான். அளவு இரண்டு மடங்கு தப்பினாலும் நஷ்டம் கால் பங்குதான்! இதைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் சோப்பு வருடம் முழுக்க ஒரே சீராக விற்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலி பொருட்காட்சிக்குக் கூட்டம் வரும் ஊரில், பலூன், பொம்மை விற்பவருக்கு இந்த ஃபார்முலா எதற்கு? ஹாரிசே தன் கட்டுரையில், கணக்கை மட்டும் நம்பக்கூடாது, அனுபவத்தில் பழகிய மதிப்பீட்டுக்கு மாற்று இல்லை என்று எழுதியிருந்தார். பாடப்புத்தகங்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன.

அவர் பெயருக்கும் இதே கதிதான். ஆலோசகரான ஆர்.எச். வில்சன் இந்த முறையைப் பல நிறுவனங்களில் பரப்பி, 1934-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். பெயர் அவருக்குப் போனது. ஜெர்மனியிலோ 1929-ல் எழுதிய ஆண்ட்லரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹாரிசைக் குறிப்பிட்டவர்களும் 1915-ல் வந்த ஒரு நூலையே மூலமாகக் காட்டினார்கள். 1913 கட்டுரையைத் தேடிப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் டொனால்ட் எர்லென்கோட்டர் என்ற பேராசிரியர். அவருடைய ஆய்வு 1989-லும் 1990-லும் வெளியானது.

காப்புரிமை வழக்கறிஞராக லாஸ் ஏஞ்சலஸில் தொழில் செய்த ஹாரிஸ், 1962-லேயே இறந்துவிட்டார்.