101 ஓட்டும் ஒரு மேடையும்: மரக்காணம் கரையிலிருந்து சிறு கட்சிகள் பற்றி ஒரு குறிப்பு

2016 சட்டமன்றத் தேர்தலில் திண்டிவனம் தொகுதியின் முடிவு வெறும் 101 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. திமுகவின் சீத்தாபதி வென்றார், அதிமுகவின் ராஜேந்திரன் தோற்றார். மரக்காணம் உப்பளக் கரை இந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. மரக்காணத்தில் ஒரு பெரிய தெருவை எண்ணினாலே 101 ஓட்டு தேறிவிடும். அந்தத் தேர்தலில் பாமக தனியாக நின்றது, மக்கள் நலக் கூட்டணி தனியாக நின்றது. மூன்றாம் இடத்திலிருந்து கடைசி இடம்வரை வந்தவர்கள் வாங்கிய ஓட்டு இந்த 101-ஐப் போலப் பல மடங்கு.

இருந்தாலும் தேர்தல் விவாதம் என்று பேச்செடுத்தால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "ஜெயிக்கப்போறது ரெண்டு பேர்ல ஒருத்தரு. மத்தவங்களை மேடையேத்தி என்ன ஆகப்போகுது?" 2016-ல் பாமகவின் முதல்வர் வேட்பாளர் அன்புமணி மற்ற தலைவர்களைப் பொது விவாதத்துக்கு அழைத்தார். யாரும் வரவில்லை. பெரிய கட்சிக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பதில் இந்தக் கரையின் சொந்த வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

1952-க்குப் போவோம். மரக்காணம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனம் தாலுகாவில் இருந்தது. (அதற்கும் பின்னே போனால் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.) நாட்டின் முதல் பொதுத்தேர்தல். காங்கிரஸ் என்றால் சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, அதை எதிர்த்து யார் நிற்பது? வட ஆர்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் இரண்டு புதுக் கட்சிகள் நின்றன. ஒன்று எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. மற்றது மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. திமுக அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக உறுதி தந்தவர்களுக்குத் துணை நின்றது, அந்தத் துணை இந்த இரண்டு கட்சிகளுக்கும் கிடைத்தது.

முடிவு வந்தபோது சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி, இரண்டு இடங்களையும் உழைப்பாளர் கட்சியே எடுத்துக்கொண்டது. உப்பளத்துக்காரர்களின் ஊரிலிருந்து தில்லிக்குப் போன முதல் இரண்டு பேரும் ஒரு 'சில்லறைக் கட்சி'யின் ஆட்கள்!

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ராஜாஜி 1952 ஏப்ரலில் முதல்வரானார், மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1954-ல் காமராஜர் வந்ததும் படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசுக்குள் கரைந்தன. கரைந்துபோனதைச் சிறு கட்சிகளின் சந்தர்ப்பவாதம் என்று எழுதுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த 25 பேருக்காக ஒரு பெரிய கட்சி இறங்கிவந்து பேச வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1952-ல் "யாருக்குப் பேச நேரம் கொடுக்கலாம்?" என்று ஒரு விதி போட்டிருந்தால், அந்த விதி போன தேர்தலின் ஓட்டைப் பார்த்திருந்தால், உழைப்பாளர் கட்சிக்கு என்ன கிடைத்திருக்கும்? சைபர். ஏனென்றால் அது புதுக் கட்சி. போன தேர்தல் என்ற ஒன்றே அதற்கு இல்லை.

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. நம்மிடம் இன்று இருக்கும் விதி கிட்டத்தட்ட இதுதான். வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கட்சிகளுக்கு நேரம் ஒதுக்குவது 1977 தேர்தலில் தொடங்கியது. 1998 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அதற்கு ஒரு புதுத் திட்டம் வகுத்தது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும் அடிப்படை நேரம் சமம், அதற்கு மேல் போன தேர்தலில் வாங்கிய ஓட்டுக்கு ஏற்பக் கூடுதல் நேரம். அதே திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. கட்சி உரைகள் போக, அதிகபட்சம் இரண்டு குழு விவாதங்கள் நடத்தலாம், தகுதியுள்ள கட்சி ஒவ்வொன்றும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். ஆக, 'இந்தியாவில் தேர்தல் விவாதமே கிடையாது' என்பது முழு உண்மை இல்லை. ஏட்டில் இருக்கிறது. வாசலில் மட்டும் 'அங்கீகாரம் பெற்ற கட்சி' என்று பலகை தொங்குகிறது.

அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2021 நல்ல உதாரணம். 2016-ல் ஒரு தொகுதிகூட வெல்லாத தேமுதிக 2021-லும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியாகவே களத்தில் இருந்தது. அதே 2021-ல் வாக்கு விகிதத்தில் மாநிலத்தில் மூன்றாவதாக வந்தது நாம் தமிழர் கட்சி, 6.6 சதவீதத்தை ஒட்டி. ஆனால் அதற்கு அங்கீகாரம் இல்லை. 6 சதவீதத்தோடு இரண்டு சட்டமன்ற இடமும் வேண்டும், இடம் இல்லையென்றால் 8 சதவீதம் வேண்டும். 2024-ல் 8-ஐத் தாண்டிய பிறகுதான் அங்கீகாரம் வந்தது. அந்த 2024 தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்த சின்னம் மைக்! சின்னமாக மைக் கிடைத்தது, அரசு ஊடகத்தில் பேச மைக் கிடைக்கவில்லை. அந்தக் கட்சியின் கொள்கை எனக்கு உவப்பா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. வாசல் எப்படி அளக்கிறது என்பதுதான் பேச்சு.

மரக்காணம் அடங்கிய விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியிலும் இதே கதைதான். 2019-ல் விசிகவின் ரவிக்குமார் இங்கே உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். 2024-ல் பானைச் சின்னத்தில் வென்றார், அதன் பிறகே கட்சிக்கு மாநில அங்கீகாரம். இன்னும் கொஞ்சம் பின்னே போனால், 1989 ஜூலையில் தொடங்கிய பாமக அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலைச் சந்தித்து 6 சதவீதத்தை நெருங்கியது, இடம் மட்டும் ஒன்றும் இல்லை. 1952, 1989, 2021, மூன்று முறையும் ஆள் வந்து நின்றாகிவிட்டது, விதி ஒரு தேர்தல் பின்னால் வருகிறது. பேச வாய்ப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது, தேவை குறைந்த பிறகு கிடைக்கும்.

சரி, எல்லாரையும் மேடையேற்றிவிடலாமா? இங்கே மொடக்குறிச்சியை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகளின் எதிர்ப்பாக அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார், ஒரு ஓட்டுகூட வாங்காத வேட்பாளர்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலும் 17 மணி நேரம் ஓடும் விவாதம்! ஆனால் அந்த ஆண்டே சட்டம் மாறியது. பொதுப் பிரிவினருக்கு சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பின்னாளில் 10,000. அங்கீகாரம் இல்லாதவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. கூட்டத்தை வடிகட்டும் வேலையை வேட்புமனு மேசை ஏற்கனவே செய்கிறது. அதையே மேடை வாசலில் இன்னொரு தடவை செய்வது எதற்கு?

வெளிநாட்டிலும் இந்தத் தகராறு தீரவில்லை. அமெரிக்காவில் 1992-ல் ராஸ் பெரோ விவாத மேடைக்கு வந்தபோது கருத்துக்கணிப்பில் அவருக்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. மேடையேறினார், தேர்தலில் 19 சதவீதத்தைத் தொட்டார். பிற்பாடு 2000-ல் 15 சதவீதம் என்ற கோட்டைப் போட்டார்கள். அந்தக் கோடு 1992-லேயே இருந்திருந்தால் அவர் வீட்டில் உட்கார்ந்து டிவிதான் பார்த்திருப்பார். பிரிட்டனில் 2015 ஏப்ரல் 2 அன்று ஏழு கட்சித் தலைவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள், வேல்ஸில் மட்டும் போட்டியிடும் பிளைட் கம்ரி உட்பட. ஏழு பேர் இரண்டு மணி நேரம் பேசினார்கள், குடியொன்றும் முழுகிவிடவில்லை.

நமக்கு இதைச் சொல்லித்தர வெளியாள் தேவையா என்பதும் ஒரு கேள்வி. பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் இருக்கிறது. புகாரின் விழா அறிவிப்பிலேயே சமயவாதிகளை அங்கே வந்து வாதிடச் சொல்கிறார்கள், எத்தனை பேர் உங்கள் பின்னால் என்று கேட்கவில்லை. வஞ்சியில் மணிமேகலை ஆசீவகனையும் கேட்கிறாள், பூதவாதியையும் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தள்ளுகிறாள். கேட்காமல் தள்ளவில்லை.

என் கருத்து இது. மாநில அளவிலான விவாதத்துக்குப் போன தேர்தலின் ஓட்டை அளவுகோலாக்கக் கூடாது, இந்தத் தேர்தலில் எத்தனை தொகுதியில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். மனுத் தாக்கல் முடிந்த மறுநாளே அந்தக் கணக்கு கையில் இருக்கும். தொகுதி அளவில் அதுவும் வேண்டாம். களத்தில் நிற்கும் எல்லோரும் வரட்டும், பேசும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கட்டும், ஆள் அதிகமென்றால் இரண்டு நாள் வைக்கட்டும்.

உப்பளத்துக்கு இதில் என்ன லாபம்? உப்பு அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவது மாநில அரசு. மேடையில் இரண்டே பேர் இருந்தால், ஒருவர் தில்லியைக் கைகாட்டுவார், மற்றவர் கோட்டையைக் கைகாட்டுவார், நேரம் முடிந்துவிடும். இரண்டு இடத்திலும் ஆட்சியில் இல்லாத ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் "மூணு மாசத்துக்கு அஞ்சாயிரம்னா ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?" என்ற கணக்கு சபைக்கு வரும். அவர் டெபாசிட் இழக்கட்டும், பரவாயில்லை. கேட்ட கேள்விக்கு ஜெயிக்கிறவர் பதில் சொல்லியாக வேண்டுமே.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில் வருகிறது, உப்பு வாரும் பருவமும் அதுதான். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியும் முன்னே பாத்தியில் இறங்குகிறவர்களை இரவு பத்து மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது. மரக்காணத்தில் வைப்பதானால் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிட வேண்டும்.