நோயாளியின் எதிரே அமர்தல்

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் சிலர், மொழி புரியாத மருத்துவமனையில் படுத்து, வலிக்கும் இடத்தைக் கைச்சாடையால் காட்டியிருப்போம். நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் சிகிச்சையின் கூறே என்பது எவ்வாறு நிலைபெற்றது?

கிரிமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே காயத்தால் மாண்டோரினும் நோயால் மாண்டோரே மிகுதி. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்தினர். மரணங்கள் விரைந்து குறைந்தன.

நாடு திரும்பிய அம்மையார் 1859-இல் செவிலியம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதில் நோயாளியின் மனத்தையும் ஆராய்ந்தார். அவர் காதுபட முணுமுணுத்தல் ஆகாது. அவர் கழுத்தைத் திருப்ப வேண்டாதபடி எதிரே அமர்ந்து பேசுதல் வேண்டும். அச்சமும் ஐயமும் காத்திருப்பும் உடல் உழைப்பினும் அவருக்குக் கேடு விளைவிப்பன என்றார். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று.

நம் நாட்டில் 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. பயிற்சிக்கு நாடெங்கும் ஒரே தரம் வகுக்க, 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வழிசெய்தது.

ஆயினும், மொழியறியா நோயாளியின் குறையைத் தாதி எவ்வாறு அறிவார்? அவ்வூர் மொழி கற்ற நாம், நோயுற்ற நம்மவர் எதிரே அமர்ந்து, அவர் சொல்வதை முழுமையாகக் கேட்டு, தாதியிடம் எடுத்துரைப்போமாக.