உப்பிட்ட சாலையின் டயர்

வட அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை ஆலையிலிருந்து வரும்போதே ‘ஆல் சீசன்’ டயரோடு வருகின்றன. ஜூலையில் கொதிக்கும் தார்ச்சாலைக்கும் ஜனவரிப் பனிக்கும் அதே டயர்தான். குளிர்காலத்துக்கென்று தனியாக நான்கு டயர் வாங்க வேண்டுமா, இதுவே போதுமா என்ற கேள்வி அங்கே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் எழும். அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ரப்பரைப் பற்றியவை. எந்தக் கலவை எந்தக் குளிரில் இறுகும், டயரின் மேற்பரப்பில் புடைத்து நிற்கும் எந்தப் பட்டன் பனியைக் கவ்வும் என்று பேச்சு டயருக்குள்ளேயே சுற்றிவரும். வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. ஆண்டு முழுக்க ஒரே டயர் போதும் என்ற நிலையை உண்டாக்கியதில் டயர் ஆலைகளைவிட நெடுஞ்சாலைத் துறைகளுக்குப் பங்கு அதிகம். குறிப்பாக, அவை லாரி லாரியாகக் கொட்டிய உப்புக்கு.

மோட்டார் வண்டி வரும்வரை பனி சாலைக்கு எதிரியாக இருக்கவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து மாநிலங்களில், குளிர்காலப் போக்குவரத்து சறுக்குவண்டியில் நடந்தது. சறுக்குவண்டிக்குப் பனி வேண்டும். அதனால் ஊர் நிர்வாகங்கள் பனியை அகற்றவில்லை. பெரிய மர உருளைகளில் குதிரைகளைப் பூட்டி இழுத்து, விழுந்த பனியை அழுத்திக் கெட்டியாக்கின. கூரை வேய்ந்த மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், ஆள் வைத்து வெளியிலிருந்து அள்ளிவந்து பாலத்தின் தரையில் பரப்பியதும் உண்டு. காருக்கு இது எதுவும் ஒத்துவரவில்லை. ஆனாலும் தொடக்கத்தில் சாலை காருக்காக மாறவில்லை. கார்தான் சாலைக்கு ஏற்ப மாற வேண்டியிருந்தது. சேற்றிலும் பனியிலும் சிக்காமலிருக்க ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். பின்லாந்தில், பின்னாளில் நோக்கியன் என்று பெயர் பெற்ற ரப்பர் ஆலை 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் பனிக்கென்றே தனி டயர் செய்தது. சங்கிலி, பனி டயர் இரண்டுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: பனி அங்கேயே கிடக்கும், வண்டிதான் சமாளிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த எண்ணம் மாறியதற்கு ஓர் ஆண்டையே குறிப்பிட்டுச் சொல்லலாம். 1941–42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர், சாலைகளில் பொதுவாகவே உப்பு தூவுவது என்று கொள்கை வகுத்த முதல் மாநிலமாயிற்று. அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளில் போடப்பட்ட உப்பு ஏறத்தாழ 5,000 டன். 1950-களின் நடுவில் அது 10 லட்சம் டன்னாகி, 1970 வாக்கில் ஒரு கோடி டன்னை நெருங்கியது. இந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் இருந்தது போர் முடிந்த பிறகு உருவான வாழ்க்கை முறை. புறநகரில் வீடு, நகரத்தில் வேலை, இடையில் 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தால் விரிந்த விரைவுச் சாலைகள். பனி பெய்தாலும் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே சாலைத் துறைகள் பனியை வழித்துத் தள்ளுவதோடு நில்லாமல், பனி நின்ற சில மணி நேரத்தில் கருந்தார் கண்ணில் பட வேண்டும் என்று தமக்கே இலக்கு வைத்துக்கொண்டன. பனிப் பொழிவு குறையவில்லை. டயர் பனியைத் தொடும் நேரம்தான் குறைந்தது.

பனி டயர் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1950-களிலும் 60-களிலும் வட மாநிலங்களில் நவம்பர் பிறந்தால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பெரிய பட்டன் வைத்த டயர் மாட்டுவது வழக்கம். இன்ஜின் விசை பின் சக்கரத்துக்குப் போன காலம் அது. அந்த வழக்கத்தைக் கலைத்தவை பல. மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற, உள்ளிழைகள் குறுக்காகப் பின்னாமல் நேராக ஓடும் ரேடியல் டயர், அமெரிக்க ஆலைகளின் நீண்ட தயக்கத்துக்குப் பின் 1970-களில் அங்கே பரவியது. ரேடியலையும் பழைய குறுக்கிழை டயரையும் ஒரே வண்டியில் கலந்து மாட்டினால் வளைவில் வண்டி தடுமாறும். ஆகவே பின்னால் மட்டும் பழைய பனி டயர் மாட்டும் சிக்கன வழி அடைபட்டது. முன் சக்கர விசைக் கார்கள் பெருகின. இன்ஜினின் எடை விசைச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்ததால், சாதாரண டயரே பனியில் ஓரளவு ஏறியது. ஆணி பதித்த டயர்கள் 1960-களில் வந்து நன்றாகவே விற்றன, ஆனால் தார்ச்சாலையைத் தடம் தடமாக அரித்துவிட்டன. மினசோட்டா மாநிலம் 1971-இல் அவற்றைத் தடை செய்தது. இந்த இடைவெளியில்தான் 1977-இல் குட்இயர் நிறுவனம் ‘டியெம்போ’ என்ற ஆல் சீசன் ரேடியலை இறக்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் மற்ற ஆலைகளும் அதே பாதைக்கு வந்தன. கார் நிறுவனங்களும் அதையே மாட்டி அனுப்பத் தொடங்கின.

அப்படியானால் இது ரேடியலின் வெற்றிதானே, உப்பை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். ரேடியல் இல்லாமல் அந்த டயர் இல்லை என்பது சரி. ரேடியலின் தடம் சாலையில் தட்டையாகப் படிகிறது, பட்டன்கள் அதிகம் நெளிவதில்லை. ஆழமாக வெட்டிய பட்டன்களும் கோடையில் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் நிற்க அது வழி செய்தது. ஆனால் வாய்ப்பு உண்டாவது வேறு, போதுமானதாக இருப்பது வேறு. அந்த டயர்களின் பக்கவாட்டில் பொறித்த ‘எம் பிளஸ் எஸ்’ குறி, அதாவது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்ற உறுதி, எதன் அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பட்டன்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம், ஓரப் பள்ளங்கள் எந்தக் கோணத்தில் என்ற வடிவக் கணக்குகள்தாம் அதற்குத் தேவை. டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ரப்பர் என்ன கலவை, உறைநிலைக்குக் கீழே அது எவ்வளவு இறுகும் என்று அந்தக் குறி கேட்பதே இல்லை. உண்மையான பனிச் சோதனையோடு கூடிய மலை-பனிச்செதில் குறியை அமெரிக்க, கனடிய ரப்பர் சங்கங்கள் 1999-இல்தான் ஏற்றன. டியெம்போ வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அத்தனை குளிர்காலங்கள் கோடிக்கணக்கானவர்கள் சோதிக்கப்படாத ஒரு வாக்குறுதியின் மேல் ஓட்டினார்கள், பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், அந்த வாக்குறுதியைக் காப்பாற்றியது டயர் மட்டும் அல்ல. ஜெர்மனியும் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது: 2010-இல் அது கொண்டுவந்த குளிர்கால டயர் விதி வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ குறியை ஏற்றது, 2018 முதல் தயாரான டயர்களுக்குப் பனிச்செதில் குறியைக் கேட்டது, பழையவற்றுக்கு 2024 செப்டம்பர் வரை தவணை தந்தது.

உப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. சாதாரண உப்பு கோட்பாட்டளவில் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை பனிக்கட்டியை உருக்கும் என்றாலும், நடைமுறையில் மைனஸ் 10-ஐத் தாண்டியதுமே மிக மெதுவாகிவிடுகிறது. சாலைக்காரர்கள் மணலுக்கும் கால்சியம் குளோரைடுக்கும் மாற வேண்டும். ஆல் சீசன் டயரின் ரப்பரும் அத்தகைய குளிரில் விறைத்துப்போகிறது. இரண்டும் ஒரே இரவில் கைவிடும் என்பதுதான் இந்தக் கூட்டின் பலவீனம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அப்படிப்பட்ட இரவுகள் ஏராளம். அங்கே 2008 டிசம்பர் 15 முதல் பயணிகள் கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயமாயிற்று. 2014 முதல் பனிச்செதில் குறியும், 2019 முதல் டிசம்பர் 1-லிருந்தே என்ற தேதியும் சேர்ந்தன. சட்டத்துக்கு ஆதரவாக அரசு சொன்ன கணக்கு புகழ்பெற்றது: பத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே குளிர்கால டயர் மாட்டுகிறார்கள், மாட்டாத பத்தில் ஒருவர் குளிர்கால விபத்துகளில் 38 விழுக்காட்டில் இருக்கிறார். இந்தக் கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது. டயர் மாற்றாதவர் பழைய கார் வைத்திருப்பவராக, இளைஞராக, கைச்சுருக்கத்தில் இருப்பவராக இருக்கலாம். விபத்துக்கு அவையும் காரணம். சட்டம் வந்த பிறகு நடந்த ஆய்வு குளிர்காலச் சாலைக் காயங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தன என்றது. 38 என்ற எண் எழுப்பிய எதிர்பார்ப்புக்கு முன் இது சிறியது. ஆனால் பத்தில் ஒருவர் மட்டும் பழக்கத்தை மாற்றியதன் விளைவு என்று பார்த்தால் அற்பமில்லை.

இங்கே என் வாதத்துக்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. மினசோட்டாவின் குளிர் கியூபெக்கின் மாண்ட்ரியால் நகரக் குளிருக்குக் குறைந்ததில்லை. அங்கும் உப்பு கைவிடும் இரவுகள் உண்டு. ஆனாலும் அங்கே எந்தக் கட்டாயமும் இல்லை, ஆல் சீசன் டயர் தாராளமாக ஓடுகிறது. எந்த இடத்தில் அந்த டயர் போதும் என்பதை உப்பு விளக்கும். எந்த அரசு சட்டம் போடும் என்பதை விளக்காது. அதற்கு விபத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது பயன்படும் என்று நினைக்கிறேன். கியூபெக்கில் 1978 முதல் சாலை விபத்தில் காயம்பட்ட ஒவ்வொருவருக்கும், தவறு யாருடையது என்று பாராமல், பொது நிதியமே இழப்பீடு தருகிறது. வழுக்கிய ஒவ்வொரு காரும் அரசின் கணக்கேட்டில் ஒரு வரி. கனடாவின் மற்ற மாகாணங்களில், பொதுக் காப்பீடு உள்ள மானிட்டோபா கட்டாயம் ஆக்கவில்லை, ஆனால் 2014-இல் குளிர்கால டயர் வாங்கக் குறைந்த வட்டிக் கடன் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பொதுக் காப்பீடுதான். அது மலைச் சாலைகளில் மட்டும் குளிர்கால டயர் கேட்கிறது, ‘எம் பிளஸ் எஸ்’ குறியையும் ஏற்கிறது. தனியார் காப்பீடு நடக்கும் ஒண்டாரியோ, 2016 முதல் குளிர்கால டயர் மாட்டியவருக்குத் தவணையில் தள்ளுபடி தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதித்ததோடு நிறுத்திக்கொண்டது. சஸ்காட்சுவான் இந்த வரிசையில் அடங்காது: பொதுக் காப்பீடும் உண்டு, கடுங்குளிரும் உண்டு, கட்டாயம் இல்லை. ஆகவே இதை விதி என்று சொல்லவில்லை, சாய்வு என்கிறேன். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து போய் மாண்ட்ரியாலிலும் ஒண்டாரியோவின் ஸ்கார்பரோவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஐந்தாறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்துகொண்டு, ஒரே குளிர்காலத்தை இரண்டு விதமான டயர்ச் சட்டத்தின் கீழ் கழிப்பதற்குப் பின்னணி இதுதான்.

செலவைச் சொல்லிக் கட்டாயத்தை எதிர்ப்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. இரண்டு செட் வைத்தால் ஒவ்வொன்றும் பாதிக் காலமே தேயும், மொத்தத்தில் கை கடிக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள். தனி ரிம், ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் கூலி, அடுக்குமாடியில் குடியிருப்பவர் நான்கு டயர்களை ஆறு மாதம் எங்கே வைப்பது என்ற சிக்கல் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆல் சீசன் டயர் இவ்வளவு தூரம் பரவியதற்குச் சோம்பல் காரணம் என்று கேலி பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி ஆட்சேபம் புதிய டயர்களிடமிருந்து வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின், ரப்பர் கலவையில் கரித்தூளின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சிலிக்காவைச் சேர்த்தது. எரிபொருளை மிச்சப்படுத்தச் செய்த அந்த மாற்றம், ஈரச் சாலைப் பிடிப்புக்கும் குளிரில் இளகி நிற்பதற்கும் கைகொடுத்தது. அதே நிறுவனம் 2015-இல் ஐரோப்பாவில் இறக்கிய ‘கிராஸ் கிளைமேட்’ கோடை டயராகப் பேசப்பட்டாலும் பனிச்செதில் குறியைப் பெற்றது. கனடாவில் ‘ஆல் வெதர்’ என்று தனியாக விற்கப்படும் இந்த வகை, கியூபெக் சட்டத்தையும் நிறைவு செய்கிறது. இங்கே வேதியியல் ஜெயித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே டயர் வேண்டும் என்பவர் இன்று தேட வேண்டியதும் இந்த வகையைத்தான். ஆனால் வட அமெரிக்காவில் பனிச்செதில் குறிக்கான சோதனை அளப்பது, ஓரளவு இறுகிய பனியில் வண்டி கிளம்பும்போது டயர் எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டுமே. பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்பதையோ, பளபளப்பான பனிக்கட்டியில் என்ன ஆகும் என்பதையோ அது அளப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே மாதம் முதல் டயர் லேபிளில் பனிக்கு ஒன்று, பனிக்கட்டிக்கு ஒன்று என இரண்டு தனிக் குறிகளை வைத்திருக்கிறது.

பனிக்கட்டிப் பிரச்சினை பெரிதாகப் போவதற்கு இன்னொரு காரணம் உப்பேதான். சாலை உப்பு ஏரிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்யும் கேட்டை ஆராய்ந்த கனடிய அரசு, 2001-இல் அதைச் சூழலுக்கு நச்சு என்று மதிப்பிட்டது. 2004-இல் குறைவாகத் தூவுவதற்கான நெறிமுறையை வெளியிட்டது. உப்பைக் குறைத்தால் சுமை மறுபடியும் டயரின் மேல் வரும். டயரின் பிடியைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே ஆணி டயர்கள் சாலையை அரைத்துக் கிளப்பிய தூசி பொறுக்க முடியாமல் போய், செண்டாய் நகரத்துக்கே ‘பாலைவனம்’ என்று பட்டப்பெயர் வந்தது. 1990-இல் ஆணி டயருக்கு எதிராகத் தேசியச் சட்டம் வந்தது. 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் வெளியிட்ட ‘பிளிஸாக்’ போன்ற ஆணியில்லா டயர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. தூசி அடங்கியது. ஆனால் பனிக்கட்டியைக் கீறிச் சொரசொரப்பாக்கிவந்த ஆணிகள் இல்லாததால், ஆணியில்லாச் சக்கரங்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கின. வடக்கு நகரமான சப்போரோவில் கார்கள் வழுக்கின, நடப்பவர்களும் வழுக்கி விழுந்தார்கள். நகராட்சி தெரு முனைகளில் மணல் பைகளை வைத்தது, சாலைகளுக்குப் பனி உருக்கும் உப்பு வகைகளை முன்னைவிட அதிகமாகத் தூவியது.